வாய் பட்டால் மாயம்

எச்சிலைச் சாவியாக வைத்து ஒரு பூட்டு செய்தவன் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய தொழில் இல்லை. விசேஷ வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த நேர்ந்தால் என் மனைவி, "மாவு கம்பெனியில இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கேட்பவர்கள் என்னை இட்லி மாவு ஆசாமி என்று நினைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று யோசனை கேட்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது மரவள்ளிக்கிழங்கு மாவு. ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையாகத் தொடங்கி, மாவைப் பதப்படுத்தி நூலுக்குக் கஞ்சியாகவும் அட்டைப்பெட்டிக்குப் பசையாகவும் விற்கிற அளவுக்கு வளர்ந்த கம்பெனி. முதலாளி நாச்சிமுத்து. பிளாஸ்டிக் தடைகள் ஒவ்வொன்றாக இறுகி, கடைசியில் மெழுகு பூசிய காகிதக் கப்புக்கும் தடை வந்த வருடம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரு, நம்ம மாவுல ஒரு டீ கப்பு பண்ணு. குடிச்சு முடிச்சதும் அது காணாமப் போயிடணும்."

காணாமல் போவதில் சிரமமே இல்லை. மாவுக்கு அது பிறவிக் குணம். குடித்து முடிக்கும்வரை அதை இருக்கச் செய்வதுதான் சிரமம். என்னுடைய முதல் கப், டீயை ஊற்றியதும் கஞ்சியாகிவிட்டது. அடுத்தது பிசினாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி அன்று முழுக்கக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரிக்க முடியாமல், எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் 'பிரமாதம்' என்று முத்திரை காட்டுவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. தண்ணீருக்கும் வெயிலுக்கும் கொதிக்கிற டீக்கும் அசையாதபடி மாவின் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துப் பூட்டிவிடலாம். மனிதன் வாயில் ஒரு நொதி ஊறுகிறது. வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அந்த வேலையைச் செய்வது. அது பட்டால் மட்டும் பூட்டு திறக்கட்டும். யாரும் வாய் வைக்காத கப் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். வாய் பட்டதோ, அரைமணிக்குள் குழைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

கப்புக்கு மாயா என்று பெயர் வைத்தோம். பக்கவாட்டில் பச்சை எழுத்தில் 'வாய் பட்டால் மாயம்!' என்று அச்சடித்தோம். அந்த வாசகமும் என்னுடையதுதான். தமிழுக்கு நான் செய்த ஒரே தொண்டு.

மாயா நன்றாகவே போயிற்று. பஸ் ஸ்டாண்டுகளில் குப்பைத் தொட்டிகள் காலியாகக் கிடந்து, துப்புரவுப் பணியாளர்களே சந்தேகப்பட்டார்கள். ஒரு பெரிய கேட்டரிங் கம்பெனி தன்னுடைய எல்லா கேன்டீன்களுக்கும் மாயாவையே வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒரே நிபந்தனை: கரையவில்லை என்று எங்கிருந்தும் ஒரு புகார்கூட வரக்கூடாது.

புகார் மேட்டுக்கரட்டிலிருந்து வந்தது.

"அர்த்தநாரின்னு ஒரு டீக்கடைக்காரன்" என்றார் நாச்சிமுத்து. "கப்பு கரையலைங்கறான். மலையாட்டம் குமிஞ்சு கெடக்குதாம்."

"கரையாம இருக்க வாய்ப்பே இல்லீங்களே."

"அதைப் போயி அந்தக் கப்புகிட்டச் சொல்லு. கேட்டரிங் ஆளுங்க அடுத்த வாரம் கடை கடையாப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அந்தக் குமியலைக் கரைச்சிடு. என்னமோ ஒரு மருந்து வெச்சிருப்பியே, அதை எடுத்துக்க."

அவர் சொன்ன மருந்து, அதே நொதிதான். வாய்க்குப் பதிலாகப் பூஞ்சையிலிருந்து எடுத்தது. எங்கள் லேபில் அதற்குக் 'கம்பெனி எச்சில்' என்று பெயர். ரோஜாச் செடிக்கு மருந்தடிக்கிற மாதிரி ஒரு தெளிப்பான் பாட்டிலில் அதை நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலையில் பஸ் ஏறினேன்.

*

அர்த்தநாரியின் கடை மேட்டுக்கரடு பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. முன்னால் இரண்டு பெஞ்ச். பாய்லருக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் என் மாயாக்கள்.

"கம்பெனி சாருங்களா? வாங்க, வாங்க. உக்காருங்க. டீ சாப்புட்டுட்டே பேசலாம்." அர்த்தநாரி துண்டால் பெஞ்சைத் தட்டினார். ஒல்லியான, கலகலப்பான மனிதர். "சாருக்குச் சொந்த ஊரு எதுங்க?"

சொன்னேன்.

"அங்க யாரு வீடுங்க?"

அதையும் சொன்னேன். பெரியப்பா பெயரைக் கேட்டதும் அவர் முகம் விரிந்தது. "அட, நம்மாளுங்க!"

டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. நல்ல டீ. அண்ணாந்து ஊற்றிக்கொண்டே வேலையைத் தொடங்கினேன்.

"எந்தக் கப்புங்க கரையலை? எல்லாமேவா?"

"இந்தப் பக்கம் பிரச்சினையே இல்லீங்க. இங்க எல்லாருக்கும் டம்ளர்தான். அந்தப் பக்கம்தான் கரைய மாட்டேங்குது." கடைக்குப் பின்னால் கையைக் காட்டினார். சாக்கடையைத் தாண்டி ஒரு புளியமரம் தெரிந்தது.

"அந்தப் பக்கம்னா?"

"காலனிக்காரங்க நின்னு குடிக்கற எடமுங்க." கரண்ட் கம்பம் நிற்கிற இடத்தைச் சொல்வதுபோல் சொன்னார். "அவங்களுக்குக் கப்புல குடுக்கறோம். போன வருசம் பூரா என்ன அழகாக் கரைஞ்சுது தெரியுங்களா! முன்னெல்லாம் தனியாக் கண்ணாடி கிளாசு வெச்சிருந்தோம். எவனாவது போட்டோ எடுத்துப் போட்டுருவான். ஆபீசருங்க வந்து நிப்பாங்க. ஒரே ரோதனை. உங்க கப்பு வந்துச்சு, நிம்மதி வந்துச்சு. குடிச்சாங்க, போட்டாங்க, போயே போச்சு. போன தடவை ஒருத்தன் கம்ப்ளைன்ட் குடுத்து ஆபீசருங்க ஜீப்புல வந்தாங்க. எங்க சாமி இருக்குது ரெண்டாவது கிளாசு? ஒண்ணுமே இல்லை. டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு உங்க கம்பெனி இருக்கற திசையைப் பாத்துக் கும்பிட்டேனுங்க."

மாயாவுக்காக யாராவது என்னைக் கும்பிடுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். பசுமை இயக்கத்துக்காரர்கள், ஆற்றைச் சுத்தம் செய்கிறவர்கள், தொண்டையில் கவர் சிக்காத பசுமாடுகள் என்று என் கற்பனையில் ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் அர்த்தநாரி இல்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புளியமரத்தடிக்குப் போனேன்.

*

கப்புகள் அங்கே வீசியெறியப்பட்டிருக்கவில்லை. அடுக்கப்பட்டிருந்தன. மரத்தைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மழைக்குக் கவிழாமல் கல் வைத்து, இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர்.

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் முனைவர் பட்டம் வாங்கியவன், எளிதில் விளங்காது. தண்ணீரில் உப்பு அதிகமோ என்று நினைத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பு நொதியைக் கொன்றுவிடுகிறதோ என்று யோசித்தேன். இந்தச் சரக்கே கோளாறோ என்று பெட்டியிலிருந்து ஒரு புதுக் கப்பை எடுத்துவந்து, மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, அதன் விளிம்பைச் சுற்றி நாக்கால் ஈரப்படுத்தினேன்.

"சார், எதுக்குக் குப்பையை நக்கிட்டு இருக்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"குப்பை இல்லீங்க, புதுசு. பரிசோதனை பண்றேன். நான் கப் கம்பெனிக்காரன்."

"ஓ. அர்த்தநாரி அண்ணன் வரச்சொன்ன ஆளா. நான் பூங்கோதை. இந்த வார்டு மெம்பர்." அவள் கண் என் நாக்கிலிருந்து கப்புக்கும், கப்பிலிருந்து நாக்குக்கும் போய்வந்தது. "நீங்க இதை விக்கறவரா, செய்யறவரா?"

"கண்டுபிடிச்சதே நான்தாங்க."

"எழுதப் படிக்கத் தெரியுமா சார்?"

"தெரியுங்க."

"அப்ப அந்தக் கப்புல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"வாய் பட்டால் மாயம்."

"படலைன்னா?"

அந்த நேரம் பார்த்து, காட்டு வேலையிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் கடையின் பின்பக்கத்தில் டீ வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். துண்டை மார்பில் விரித்துக்கொண்டார். கப்பை ஒரு சாண் உயரத்தில் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அண்ணாந்து வாயில் ஊற்றினார். பாதி வாய்க்குள் போயிற்று. கால்வாசி தாடைக்கு. மீதி துண்டுக்கு. கப்பின் விளிம்பில் உதடு படவேயில்லை. குடித்து முடித்ததும் அதைச் சுவரில் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "உஸ்ஸ்... சூடு" என்று நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஏனென்றால் இதே விஷயத்தில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். மாயாவின் முதல் சோதனையில் லேபில் இருந்த அத்தனை பேரும் டீ குடித்தோம். ஒரு கப்பும் கரையவில்லை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருநாள் இயந்திரம் பொருத்த வந்திருந்த டச்சுக்காரர் ஒருவர் குடித்தார். அவர் கப் மட்டும் மேஜைமேல் குழைந்து படுத்தது. வெள்ளைக்காரர் எச்சிலில் அப்படி என்ன வீரியம் என்று நான் ஒரு ஆய்வுக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கவே தொடங்கிவிட்டேன். உடன் வேலை செய்த பிலோமினாதான் தலையிலடித்துக்கொண்டு சொன்னாள்: "சார், அந்தாளு வாய் வெச்சுக் குடிக்கறான். நாம எல்லாம் தூக்கிக் குடிக்கறோம்." எச்சில் படாமல் குடிப்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. எச்சிலைச் சாவியாக்கியவனுக்கே தன் வாய் கப்பில் படவில்லை என்பது தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு அவசரத்தில் யாரும் அப்படித் தூக்கிக் குடிப்பதில்லை என்பதால்தான் மாயா பிழைத்தது.

அதைப் பூங்கோதையிடம் சொன்னேன். சிரித்தாள். நல்ல சிரிப்பு, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"உங்களுக்குப் பழக்கம் சார். எங்களுக்குத்தான் பழகிக்க வேண்டியிருந்துச்சு. நாங்க குடிச்ச டம்ளரை வாங்கி யாரு குடிக்கப்போறா? அப்புறம் யாருக்கு எச்சிலாயிடும்னு நாங்க தூக்கிக் குடிக்கணும்? சின்ன வயசுலேர்ந்து வாய் வெச்சேதான் குடிச்சோம். இப்பப் பாருங்க, எங்க பெரியப்பாவுக்கு நாக்கு வெந்து போச்சு. பசங்க சட்டையெல்லாம் டீக்கறை. அம்மாக்காரிங்க துவைச்சுத் துவைச்சு என்னைத் திட்டுறாங்க."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

அவள் சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"போன தடவை கம்ப்ளைன்ட் குடுத்தான்னு அர்த்தநாரி அண்ணன் சொல்லியிருப்பாரே. அது என் தம்பி. திருமாறன். இங்க தனிக் கப்பு குடுக்கறாங்கன்னு எழுதிக் குடுத்தான். ஆபீசருங்க வர்றதுக்குள்ள எல்லாக் கப்பும் கரைஞ்சு போச்சு. 'எங்கப்பா கப்பு?'ன்னு கேட்டா, மண்ணைக் காட்டறான். ஊரே சிரிச்சுது. கனவுல டீ குடிச்சவன்னு பேர் வெச்சாங்க. ரோட்டுல நடந்தாப் போதும், 'என்னடா மாறா, நேத்து கனவுல டீயா காபியா?'ம்பாங்க. அடிச்சிருந்தாக்கூட நின்னுருப்பான் சார். சிரிச்சாங்க. பொட்டியைக் கட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். பொங்கலுக்குக்கூட வரலை. பொய்க்காரன்னு சொன்ன ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட வர்றதுங்கறான்."

புளிய இலைகள் கப்புகளின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தன.

"மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன். நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. இந்தச் சுவர் இருந்தாப் போதும், என் தம்பி ஊருக்கு வந்துருவான்" என்றாள். பிறகு என் பையைப் பார்த்தாள். தெளிப்பானின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அது என்ன பாட்டில் சார்?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அந்த வேலை சரியாக வராது. "எச்சில்" என்றேன்.

"யாரோடது?"

"யாரோடதும் இல்லைங்க. பூஞ்சையில வளத்தது. கம்பெனி எச்சில்."

"அடேங்கப்பா, சாதியே இல்லாத எச்சில்!" என்றாள். "அடிச்சா?"

"அரைமணியில எல்லாம் போயிடும்."

அவள் நகரவில்லை. என் கையைப் பிடித்துத் தடுக்கவும் இல்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டாள்.

"தெருநாயெல்லாம் வந்து இதை நக்குது. ஆனாக் கரையலை. ஏன்?"

"நாய் எச்சில்ல அந்த நொதி கிடையாதுங்க. மாட்டுக்கும் கிடையாது. இதுக்கு மனுச எச்சில்தான் வேணும்."

"அப்ப போன வருசமெல்லாம் கரைஞ்சுதே. குடிச்சது மனுசங்கன்னு உங்க கப்புக்குத் தெரிஞ்சிருக்கு."

வேதியியல்படி சரிதான் என்றேன். அதைவிட முட்டாள்தனமான பதிலை அந்த இடத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. கடையின் பின்பக்கம் போய், மாயாவில் ஒரு டீ கொடுங்கள் என்று அர்த்தநாரியிடம் கேட்டேன். "உங்களுக்கெதுக்குங்க கப்பு?" என்று அவர் பதறினார். விடாப்பிடியாக வாங்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பி, பூங்கோதைக்கு முன்னால் கம்பீரமாக நின்று குடித்தேன். கம்பீரத்தில் கவனம் பிசகி, வாய் வைத்துக் குடித்துவிட்டேன்.

"டம்ளர்ல குடிச்சுட்டு வந்து இங்க கப்புல குடிச்சா ஆச்சா சார்?" என்றாள். "ஒரு சாட்சி வீணாப் போச்சு."

*

நான் நக்கிய கப் தரையில் குழைந்து படுத்தபோது நாச்சிமுத்துவிடமிருந்து போன் வந்தது.

"என்ன டாக்டரு, கரைச்சாச்சா?"

"கப்புல கோளாறு இல்லீங்க. இவங்க வாய் வெக்காமக் குடிக்கறாங்க."

"ஏன், அவங்களுக்கும் ஆசாரம் வந்துடுச்சா?"

காரணத்தைச் சொன்னேன். "அது அவங்க ஊர்ப் பிரச்சினை. நாம கப்பு விக்கறவங்க. நீ அடிச்சுட்டு பஸ் ஏறு" என்று வைத்துவிட்டார்.

கையில் பாட்டிலோடு நின்றேன். ஒரு பக்கம் நான் பெற்ற பிள்ளை மாதிரியான ஒரு கப். கேட்டரிங்காரர்கள் வாங்கினால் நாடு முழுக்கப் போகும். லட்சம் லட்சமாகக் குப்பை குறையும். அது பொய்யில்லை. இன்னொரு பக்கம், திருப்பூரில் எங்கோ பனியன் தைத்துக்கொண்டிருக்கிற, நான் பார்த்தேயிராத ஒரு பையன். அவனைப் பொய்க்காரனாக்கியது இந்த ஊர் மட்டுமில்லை. ஊர் சிரித்தது, சாட்சியை அழித்தது நான். அதுவும் 'மாயம்' என்று ஆச்சரியக்குறி போட்டு அச்சடித்து அழித்திருக்கிறேன்.

"சார், அடிச்சிடலாமுங்களா? ஒத்தாசைக்கு வரட்டுமா?" அர்த்தநாரி தோளில் துண்டோடு சாக்கடை ஓரம்வரை வந்து நின்றார். அதைத் தாண்டி அவர் வரவில்லை.

பூங்கோதை சுவரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நான் பாட்டிலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அர்த்தநாரியிடம் போனேன்.

"அண்ணா, இது இங்க சரியாகாது. தப்பு எங்க பேர்லதான். கரையற கப்புன்னு சொல்லி வித்துட்டு, கரையலைன்னா அது எங்க கம்பெனியோட குத்தம்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்!"

"நாளைக்கு ஆபீசர் வர்றாங்களாம், இந்தக் கப்புகளைப் பாக்கத்தான். அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. என்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அதே மாதிரி. எந்தப் பக்கம் கரையலை, யாருக்குக் குடுத்தது கரையலை, போன வருசம் எப்படிக் கரைஞ்சுது, உங்களுக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, எல்லாத்தையும். ஒண்ணையும் மறைக்க வேண்டாம். கம்பெனி மேல கேஸ் போட்டு உங்களுக்கு நஷ்டஈடு வாங்கிக் குடுத்தாலும் குடுக்கட்டும்."

அர்த்தநாரி நெகிழ்ந்துவிட்டார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. எந்தக் கம்பெனிக்காரன் இப்படித் தப்பை ஒத்துக்குவான்? நம்மாளுங்கறது சரியாத்தான் இருக்குது."

என் முதுகுக்குப் பின்னால் பூங்கோதை இருமினாள். அது இருமல் இல்லை என்று பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது.

*

அர்த்தநாரி நாணயமான மனிதர், சொன்னபடி செய்தார். மறுநாள் ஆபீசரைக் கையோடு மரத்தடிக்கு அழைத்துப்போய், கரையாத கப்புகளைக் காட்டி, எவர்சில்வர் டம்ளர் யாருக்கு, மாயா யாருக்கு, கண்ணாடி கிளாஸ் காலத்தில் பட்ட பாடு என்ன என்று ஆதியோடந்தமாக விளக்கியிருக்கிறார். ஆபீசர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாராம். கடைசியில் கையெழுத்துப் போடும்போது, "எனக்கு நஷ்டஈடு எப்பங்க கிடைக்கும்?" என்று அர்த்தநாரி கேட்டதாகப் பூங்கோதை போனில் சொன்னாள். அதற்குமேல் சொல்ல முடியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

கேஸ் பதிவானது. சுவரின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 'வாய் பட்டால் மாயம்' என்ற என் வாசகம் படத்தில் நூற்றுக்கணக்கான முறை தெரிந்தது. எந்த எழுத்தாளனுக்கும் கிடைக்காத பிரசுரம். கேட்டரிங் கம்பெனி, தற்போதைக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

நாச்சிமுத்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கப்பு கரையலைன்னு ஊரெல்லாம் பேச்சு, டாக்டரு."

"ஏன் கரையலைன்னும் பேச்சுங்க."

"அந்தப் பேச்சுல ஆர்டர் வருமா?"

"வராதுங்க."

"பாட்டில்ல மருந்து இருந்துச்சுதானே?"

"நிறைய இருந்துச்சுங்க."

அவர் மேஜைமேலிருந்த மாயா ஒன்றை எடுத்து உருட்டினார். கோபமாக இருந்தார். ஆனால் கத்தவில்லை. "நூலுக்குக் கஞ்சி போடற பிரிவுக்குப் போ கொஞ்ச நாளைக்கு. அங்க யாரும் வாய் வெக்க மாட்டாங்க, உனக்கும் சிக்கல் வராது" என்றார். நான் கதவருகே போனதும், "அந்தத் திருப்பூர்ப் பையன் ஊருக்கு வந்துட்டானாய்யா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலீங்க."

"வந்தாச் சொல்லு" என்று கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

*

கஞ்சிப் பிரிவு அமைதியான இடம். பெரிய அண்டாக்களில் மாவு கொதிக்கும். நூல்கள் அதில் நனைந்து விறைப்பாகி வெளியே வரும். தீபாவளி கழிந்து ஒரு காலையில், அண்டா ஓரம் நின்று கஞ்சியின் கெட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டாக்டருங்களா? மேட்டுக்கரடு அர்த்தநாரி பேசறேனுங்க." குரலில் பழைய கலகலப்பு இல்லை. கேஸ் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அதற்குத் தயாராகவே இருந்தேன்.

"சொல்லுங்கண்ணா."

"டம்ளரையெல்லாம் எடுத்துட்டேனுங்க. கோர்ட்டுல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுக்கணும்னுட்டாங்க. எல்லாருக்கும் உங்க கப்புதான் இப்ப. கொஞ்சப் பேரு கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டாங்க. அங்க டீ நல்லா இல்லைன்னு பாதிப் பேரு திரும்பி வந்துட்டாங்க. பெஞ்சுல உக்காரற விசயம்தான் இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்குது. அதை விடுங்க. இப்ப ஒரு பிரச்சினை."

"என்ன?"

"மறுபடியும் கரைய மாட்டேங்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

பாய்லர் சீறுவதும், யாரோ பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்துவதும் கேட்டது.

"எங்க பக்கமுங்க" என்றார் மெதுவாக. "அவங்க பக்கம் அத்தனையும் கரைஞ்சு, எடம் துடைச்சாப்புல இருக்குது. எங்க பெஞ்சுக்கு அடியிலதான் ரோடு வரைக்கும் குப்பை. நேத்து பஞ்சாயத்துல இருந்து எனக்கு அபராதம் போட்டுட்டாங்க. அந்த மெம்பர் பொண்ணுதான் போட்டுச்சு."

சிரிக்கக்கூடாது என்று அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சுட்டது.

"அண்ணா, கப்புல கோளாறு இல்லை. உங்காளுங்க தூக்கிக் குடிக்கறாங்க. வாய் வெச்சுக் குடிச்சாத்தான் கரையும்."

"வாய் வெச்சா எச்சிலாயிடுமேங்க."

"குடிச்சுட்டுத் தூக்கிப் போடற கப்பு. அது யாருக்கு எச்சில்?"

"புரியுதுங்க. எனக்குப் புரியுது." அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்திருக்காங்க. இப்படி வாய் வெச்சுக் குடிங்கன்னு நான் எப்படிங்க அவங்ககிட்டப் போயிச் சொல்றது?"

அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவரிடமும் இல்லை. அப்போது அவருக்குப் பக்கத்தில் யாரோ கேட்டார்கள்: "யாருண்ணா, கப்பு டாக்டரா? குடுங்க, நான் ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

போன் கைமாறியது. எதிரே வந்தது ஓர் இளைஞனின் குரல், அவசரமில்லாத குரல். டீயை ஒரு வாய் உறிஞ்சி விழுங்கிவிட்டுத்தான் பேசவே தொடங்கினான்.

"வணக்கம் சார். நான் திருமாறன், பூங்கோதையோட தம்பி. இங்க பெஞ்சுல சில பேருக்கு டீ எப்படிக் குடிக்கறதுன்னு தெரியலையாம். சொல்லிக் குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்."